துள்ளலான ஈரானியப் பாப் பாடல்களில் காதலர்கள் ஏன் உயிரையே கொடுக்கிறார்கள்?

மெட்டு கல்யாண வீட்டுக்குரியதாகவும் சொற்கள் உயிரை விடுவதாகவும் இருப்பது முரணாகத் தோன்றினாலும், ஈரானின் மொழியான பாரசீகத்தில் 'கோர்பானத் பெரம்', அதாவது 'உனக்கே பலியாகிறேன்', என்பது தாய் பிள்ளையிடம்கூட அன்றாடம் சொல்லும் செல்லமொழிதான். சுடரில் விழும் விட்டில், ரோஜாவுக்கு ஏங்கும் புல்புல் பறவை என, ஹாஃபிஸ் போன்ற பழைய பாரசீகக் கவிஞர்கள் கஸல் எனும் காதல் கவிதைகளில் கையாண்ட உருவகங்களும் இப்பாடல்களுக்குள் சர்வசாதாரணமாக நுழைந்துவிடுகின்றன. 'ஊ' என்ற படர்க்கைச் சொல் அவன், அவள் இரண்டையும் குறிப்பதால், கஸலில் காதலுக்குரியவர் மானிடரா இறைவனா என்ற மயக்கம் உண்டு. ஆறு-எட்டுத் தாளத்தில் தோளைக் குலுக்கி ஆடவைக்கும் பாப் பாடலிலோ, என் பார்வையில், அந்த மயக்கம் கரைந்து, கறுத்த கண்களும் 'நாஸ்' எனப்படும் பிகுவுமே மிஞ்சுகின்றன. 1979 புரட்சிக்குப் பின் இவ்விசை தடைசெய்யப்பட, கலைஞர் பலர் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறினர். அங்கே பதிவான கேசட்டுகள் கள்ளத்தனமாக ஈரானுக்குள் வந்து திருமண வீடுகளில் ஒலித்தன.