ஒருவர் மட்டும் மருந்து போட்டால் போகாது

கேள்வி: எனக்கு வயது 32. அம்பாசமுத்திரம் பக்கம் லோடு வேன் ஓட்டுகிறேன். ஆறு மாதமாகத் தொடை இடுக்கில் வட்டம் வட்டமாகத் தடித்து அரிக்கிறது. மெடிக்கலில் வாங்கிப் போடும் டியூபுக்கு அடங்குகிறது, மறுபடி வருகிறது. இப்போது மனைவிக்கும் வந்துவிட்டது. எனக்குத் தப்பான பழக்கம் இருக்குமோ என்று அவள் சந்தேகப்படுகிறாள். இது பால்வினை நோயா?

பதில்: முதலில் வீட்டுச் சண்டையை நிறுத்துங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது படர்தாமரை போலத்தான் இருக்கிறது. தோலில் வளரும் பூஞ்சை. தாம்பத்தியத்தில் தோலோடு தோல் உரசும்போது தொற்றும், உண்மைதான். ஆனால் ஒரே துண்டில் துடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். அதை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க முடியாது. இன்ஜின் சூட்டில் நாள் முழுக்க ஜீன்ஸோடு உட்கார்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். ஆணுறையும் இதற்கு உதவாது. தொற்று இருப்பது தொடையில்.

அந்த டியூபை எடுத்துப் படியுங்கள். குளோபிடசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பை இரண்டே நாளில் அடக்கிவிட்டு, உள்ளே பூஞ்சையைச் சோறு போட்டு வளர்க்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து கோடு கோடாக விழும், அந்தக் கோடு போகவே போகாது. என்னிடம் வருகிறவர்களில் பலர் பையிலிருந்து நாலைந்து காலி டியூபை எடுத்து மேசையில் பரப்புவார்கள். பாதி நோய்க்கதை அதிலேயே தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலோ வேறெங்கோ தோல் மருத்துவரைப் பாருங்கள். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மருந்தை இருவரும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். குணமாகும்வரை தாம்பத்தியமும் வேண்டாம். மனைவி கர்ப்பமாக இருந்தால் மாத்திரைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நண்பருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று நினைக்காதீர்கள். இப்போது நம் நாட்டில் பரவும் இண்டோடினியே என்ற பூஞ்சை வகை பல நேரம் டெர்பினபின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துக்கு அசைவதில்லை.

அப்புறம், இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கிறதா? எப்போதும் ஈரத்தில் ஊறிக் கிடக்கும் அதில் பூஞ்சை தங்கும். அறுத்துவிடுங்கள். அம்மா கோபித்துக்கொண்டால், குணமானதும் புதிதாகக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வீடுவரை நடப்பதும் வேண்டாம். இருவருக்கும் தனித்தனித் துண்டு. உள்ளாடையை வெந்நீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போடுங்கள்.

உறுப்பில் புண்ணோ, சீழோ, நீர்க்கொப்புளமோ இருந்தால் அது வேறு சங்கதி. கூச்சப்படாமல் அதையும் காட்டுங்கள். போகும்போது இருவருமாகப் போங்கள். அந்த டியூபையும் கையோடு கொண்டுபோங்கள்.