கேட்வே பக்கத்து நோட்களுக்கு மட்டும் பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது?

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர் அருகே எங்கள் தென்னந்தோப்பில் மண் ஈரம் பார்க்க 24 சென்சார் நோட்கள் (ரேடியோ உள்ள சிறு கருவிகள்) உள்ளன. எல்லாத் தகவலையும் வாங்கிச் சேர்க்கும் கேட்வே, மூலையில் இருக்கும் மோட்டார் கொட்டகையில். அதை ஒட்டிய 4 நோட்களுக்கு மட்டும் 2 மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுகிறேன், மற்றவை தாங்குகின்றன. பெரிய பேட்டரி போட்டால் சரியாகுமா?

பதில்: நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கேட்வேயை நேரடியாக எட்டுபவை அந்த 4 நோட்கள் என்றால், மீதி 20 நோட்களின் தகவலும் அவற்றின் தலையில்தான் விழும். ஓரத்து நோட் ஒருமுறை அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். இவையோ ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 5 முறை வாங்கி, 6 முறை அனுப்ப வேண்டும். வாங்குவதற்குச் செலவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இத்தகைய நோட்களில் வரும் சிசி2420 ரேடியோ சிப் முழு வலுவில் அனுப்ப 17.4 மில்லிஆம்பியர் எடுக்கிறது; கேட்க 18.8!

முதல் வேலை, கேட்வேயைத் தோப்பின் நடுவுக்கு மாற்றுங்கள். 8 நோட்கள் நேரடியாக எட்டினால், 2 வாங்கி 3 அனுப்பினால் போதும், சுமை பாதியாகிவிடும். ஆன்டெனாவை மரத்தில் ஆணியடித்து மாட்டாதீர்கள், ஈர மரம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கும். தனிக் கம்பத்தில், 2 மீட்டர் உயரத்தில், மட்டைக்குக் கீழே நிற்கட்டும்.

அடுத்து, வந்ததை வந்தபடி அனுப்பாமல் சேர்த்து அனுப்பச் செய்யுங்கள். ஒரு ஃபிரேமில், அதாவது ஒருமுறை அனுப்பும் தொகுப்பில், 127 பைட் வரை போகும். ஓர் அளவீட்டுக்கு 4 பைட் என்றால் ஆறுக்கும் 24 பைட்தான். ஒவ்வொரு ஃபிரேமின் முன்னாலும் முகவரி முதலியவை அடங்கிய தலைப்பு ஒன்று போகும்; ஆறு தலைப்புக்குப் பதில் ஒரே தலைப்பு.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது மறுஅனுப்பல் எண்ணிக்கையோடு பேட்டரி வோல்டேஜையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் மாற்றுப் பாதை தெளிவாக மேலானதாக இருந்தால் மட்டுமே மாறட்டும். சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் தாவினால் பாதை மாற்றத்தைச் சொல்லும் கட்டுப்பாட்டுச் செய்திகளே பேட்டரியைத் தின்றுவிடும். 2000-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கொடுத்த லீச் முறையில் நோட்கள் முறைவைத்துத் தலைமை ஏற்று மற்றவற்றின் தகவலைச் சேர்த்து அனுப்பும்; அது உங்களுக்குப் பொருந்தாது: சுழற்சியில் எந்த நோட் தலைமைக்கு வந்தாலும் அது கேட்வேயை நேரடியாக எட்டும் என்பதே அதன் அடிப்படை.

பலரும் கோட்டைவிடும் இடம் கடிகாரம். நோட்கள் குறித்த நேரத்தில் ஒன்றாக விழிக்க வேண்டும், ஆனால் அந்தக் கடிகாரத்தை ஓட்டும் 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரியில்தான் சரியாக ஓடும். வேலூர் வெயிலில் பெட்டிக்குள் 55 டிகிரி ஆனால், பத்து லட்சத்தில் சுமார் 30 பங்கு பின்தங்கும். அரை மணிக்கு ஒருமுறை விழிக்கும் நோட்களில் ஒன்று நிழலிலும் இன்னொன்று வெயிலிலும் இருந்தால், 54 மில்லிசெகண்ட் இடைவெளி விழும். கேட்கும் நோட் அதற்குள் தூங்கிவிட்டால் பாக்கெட் தொலையும், மறுபடி அனுப்ப வேண்டிவரும். பெட்டிக்கு வெள்ளை பெயின்ட் அடித்து நிழலில் வையுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் நேரத்தைத் திருத்திக்கொள்ளும்படி புரோகிராமை மாற்றுங்கள்.