மகள் கிரிமினல் வக்கீலாக வேண்டும் என்கிறாரா? முதலில் வழக்கின் பாதையைப் பாருங்கள்

கிரிமினல் வக்கீல் என்றாலே ஜாமீன் வாங்கித் தருபவர் என்ற எண்ணம் பல பெற்றோருக்கு உண்டு. அதே எண்ணத்தோடு தொழிலுக்கு வரும் ஜூனியர்கள் பலர் ஜாமீன் மனுவோடேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை. ஒரு வழக்கு போலீஸ் ஸ்டேஷனில் தொடங்கி அப்பீல் வரை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால், உங்கள் மகள் எங்கே தொழில் பழக வேண்டும் என்பது உங்களுக்கே பிடிபடும்.

எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும். அங்கே ரிமாண்ட், அதாவது காவலில் வைக்கும் உத்தரவு. அன்றிலிருந்தே ஒரு கணக்கு ஓடத் தொடங்கும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டு அல்லது அதற்கு மேல் சிறை என்ற அளவுக்குரிய குற்றங்களில் 90 நாள், மற்றவற்றில் 60 நாள். அதற்குள் சார்ஜ் ஷீட் (போலீசின் குற்றப்பத்திரிகை) தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியது. ஜூன் 1 அன்று ரிமாண்ட் என்றால் அறுபதாவது நாள் ஜூலை 30. மறுநாள் காலையே மனு கோர்ட்டில் இருக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப் போட்டு, அதற்குள் சார்ஜ் ஷீட் வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். டைரியில் குறிக்காத ஜூனியரால் கட்சிக்காரர் உள்ளேயே இருப்பார்.

சார்ஜ் ஷீட்டை மாஜிஸ்திரேட் கோப்பில் எடுத்ததும் சி.சி. நம்பர், அதாவது மாஜிஸ்திரேட் கோர்ட்டின் வழக்கு எண் விழும். கொலை போல செஷன்ஸ் கோர்ட் மட்டுமே விசாரிக்கக்கூடிய வழக்கு என்றால் முதலில் பி.ஆர்.சி. என்ற பூர்வாங்கப் பதிவு நம்பர்; குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆவண நகல்கள் கொடுத்து, கமிட்டல் (வழக்கைச் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்புவது) ஆன பிறகு எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) நம்பர். இந்த நகல் கட்டுதான் ஜூனியரின் உண்மையான பள்ளிக்கூடம். சாட்சிகளின் வாக்குமூலம், மகஜர் (சம்பவ இடம், கைப்பற்றிய பொருள்கள் பற்றிய போலீஸ் குறிப்பு), போஸ்ட்மார்ட்டம் அறிக்கை எல்லாவற்றையும் நேர வரிசையில் வைத்துப் படிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் பதிவானது, எத்தனை மணிக்கு மாஜிஸ்திரேட் கைக்கு வந்தது என்று அவர் குறித்திருப்பதைப் பார்க்க வேண்டும். காரணம் சொல்ல முடியாத தாமதம் இருந்தால், பெயர்கள் பிறகு சேர்க்கப்பட்டனவா என்ற கேள்வி அங்கேயே பிறக்கும்.

அடுத்து குற்றச்சாட்டு வனைதல், அதாவது எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று கோர்ட் வரையறுப்பது. அதற்கு முன், வழக்கை நடத்தவே முகாந்திரம் இல்லை என்று விடுவிப்பு மனு போடுவதற்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பி.என்.எஸ்.எஸ்.) 60 நாள் கெடு வைத்திருக்கிறது. செஷன்ஸ் வழக்கில் கமிட்டல் ஆன நாளிலிருந்து எண்ண வேண்டும்.

பிறகு சாட்சி விசாரணை. தொழில் தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரிக்கும் இடம் இதுதான். "வெட்டியதை நான் பார்த்தேன்" என்று சாட்சி கூண்டில் சொல்கிறார்; போலீஸ் வாக்குமூலத்தில் அது இல்லை. குறுக்கு விசாரணையில் "இதைப் போலீசிடம் சொல்லவில்லையே?" என்று கேட்டு விட்டுவிடக் கூடாது. "சொன்னேன்" என்பார் அவர். புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, அந்தச் சாட்சி அப்படித் தன்னிடம் சொல்லவில்லை என்பதை அவர் வாயால் பதிவாக்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியை மறந்தால் முதல் கேள்வியால் பயனில்லை. இது புத்தகத்தில் ஒரு பத்திதான்; கைவர, விசாரணை நடக்கும் கோர்ட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்து எதிரியிடம் (குற்றம் சாட்டப்பட்டவரிடம்) கோர்ட் கேட்கும் கேள்வி, எதிர்த்தரப்புச் சாட்சி, வாதம், தீர்ப்பு. தண்டனை என்றால் அன்றே நகல் மனு போட வேண்டும். செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்குப் பொதுவாக 60 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் பெற ஆகும் காலம் இந்தக் கெடுவில் சேராது. மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை, ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவர் என்றால், அப்பீல் போடும்வரை தண்டனை விதித்த கோர்ட்டிலேயே ஜாமீன் கேட்கலாம்.

ஆகவே மகளை உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு மட்டும் பார்க்கும் அலுவலகத்துக்கு உடனே அனுப்பாதீர்கள். மாவட்ட கோர்ட்டில் செஷன்ஸ் வழக்கு நடத்தும் சீனியரிடம் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருக்கட்டும். சேரும் முன், "சிறிய சாட்சிகளையாவது ஜூனியர்கள் குறுக்கு விசாரணை செய்ய விடுவீர்களா?" என்று உங்கள் மகள் சீனியரிடம் நேராகவே கேட்கலாம். தொடக்கத்தில் கையில் வருவது போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான் சரியாக இருக்கும்; அதற்கு வீடு தயாராக இருக்க வேண்டும்.

அந்த ஆண்டுகள் வீண் போகாது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அரசு உதவி வழக்கு நடத்துநர் தேர்வுக்கு கிரிமினல் கோர்ட்டில் ஐந்தாண்டு அனுபவம் கேட்கிறார்கள். சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வக்கீல் தொழிலை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் கட்டாயமாக்கியது. அந்த மூன்றாண்டு, பார் கவுன்சிலில் முதலில் செய்யும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கு. ஆகவே வக்கீல் தொழிலைத் தொடரத் தேவையான அகில இந்திய பார் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல், பட்டம் கையில் வந்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.