பாலத்துக்கு எதற்குக் கூரை?

கேள்வி: அமெரிக்கக் கிராமங்களில் மரப்பாலங்களுக்கு வீடு மாதிரி கூரையும் பக்கப் பலகையும் இருக்கின்றனவே, பனிக்காகவா? எங்களுக்குப் பக்கத்துப் புனலூர் தொங்குபாலத்தின் பலகைகள் மழையில்தானே கிடக்கின்றன? (வாசகர், செங்கோட்டை)

பதில்: பனிக்காக இல்லை. குளிர்காலத்தில் சறுக்குவண்டி ஓட வேண்டுமே என்று, வெளியிலிருந்து பனியை அள்ளி வந்து பாலத்துக்குள் பரப்பினார்கள்! கூரை, பாரத்தைத் தாங்கும் மரச்சட்டங்களுக்காக.

சட்டங்கள் சேரும் மூட்டில்தான் வினை. ஒரு சட்டத்தின் கழுந்து (நாக்கு மாதிரி செதுக்கிய முனை) இன்னொன்றின் துளையில் இறங்கிய இடுக்கில் தண்ணீர் புகுந்தால் வெயிலும் எட்டாது, காற்றும் எட்டாது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை பிடிக்காது. 30 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் மரம் இற்றுப்போகும். வெளியே கல் மாதிரி தெரியும். குத்தூசியை அழுத்தினால் ஊறிய ரஸ்க்கில் இறங்குவது போல இறங்கும். கூரையில்லாத பாலம் பத்துப் பதினைந்து வருஷத்தில் ஆட்டம் காண, கூரை போட்டது நூறு வருஷம் தாண்டியும் நிற்பது இதனால்தான்.

பிலடெல்பியாவில் டிமோதி பாமர் கட்டிய பாலத்துக்கு 1805-ல் கூரை போட்டதிலிருந்து அங்கே இந்த வழக்கம் பரவியது. 1820-ல் இத்தியல் டவுன் காப்புரிமை வாங்கிய முறை இன்னும் எளிது: பலகைகளைத் தட்டி பின்னுவது போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து, மர ஆணி அடிப்பது. பெரிய உத்திரம் தேட வேண்டாம், ஊர்த் தச்சர்களே போதும். அந்த வகையில் 1866-ல் கட்டிய கார்னிஷ்-விண்ட்சர் பாலம், சுமார் 450 அடி நீளம், இன்றும் கார்களைத் தாங்குகிறது.

புனலூரில் 1877-ல் முடித்த பாலத்தின் பாரம் இரும்புச் சங்கிலியில் தொங்குகிறது. தம்பக மரப் பலகை வெறும் தளம்தான். இற்றதைக் கழற்றி வேறு போடலாம்.

கேள்வி: கூரை இருந்தும் கெடுமா? (வாசகர், தக்கலை)

பதில்: கெடும். முதலில் கெடுவது கரைச்சுவரில் சட்டம் உட்காரும் முனை. சக்கரம் கொண்டுவரும் மண் அங்கே குவிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். மழைக்காலம் முடிந்ததும் அதைச் சுரண்டி எடுங்கள். சட்டத்துக்கு அடியில் கெட்டி மரக்கட்டை கொடுங்கள், இற்றால் கட்டையை மட்டும் மாற்றலாம். பக்கப் பலகையைக் கூரைவரை அடைக்காமல் மேலே ஓர் அடி விடுங்கள், காற்று ஓடட்டும். இறவாரம் மட்டும் நன்றாக வெளியே நீள வேண்டும். உங்கள் பத்மநாபபுரம் அரண்மனையில் பார்த்திருப்பீர்களே, அதே கணக்கு.