தடம் பதிக்காத துகளை எண்ணுவது எப்படி?

கே: புரோட்டான்கள் மோதும்போது எத்தனை துகள்கள் பிறக்கின்றன என்று எப்படி எண்ணுகிறார்கள்? சில துகள்கள் கருவிக்குத் தப்பிவிடாதா?

ப: தப்பும். அதையும் கணக்கில் சேர்ப்பதுதான் பாதி வேலை. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் மோதுவளையத்தில், மோதல் நடக்கும் இடத்தைச் சிலிக்கான் அடுக்குகள் சூழ்ந்திருக்கும். மின்னூட்டமுள்ள துகள் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகும். புள்ளிகளைக் கோத்தால் தடம். காந்தப்புலத்தில் அது வளைவதைக் கொண்டு உந்தம் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, கேயான் என்ற குறுகிய ஆயுள் துகளைத் தேடும் வேட்டைதான். மின்னூட்டமில்லாத குறுங்காலக் கேயான் சுவடே இல்லாமல் சில சென்டிமீட்டர் போய், பெரும்பாலும் பையான் எனப்படும், அதைவிட லேசான, மின்னூட்டமுள்ள இரண்டு துகள்களாகச் சிதையும். வெற்றிடத்திலிருந்து திடீரென்று 'வி' வடிவில் இரு தடங்கள் கிளம்பும். அவற்றிலிருந்து நிறையைக் கணக்கிட்டால் 498 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள் இயற்பியலில் ஆற்றலுக்கும் நிறைக்கும் இதுதான் அலகு) பக்கம் வந்து நிற்கும். அது கேயானின் நிறை. ஆள் அகப்பட்டாயிற்று!

அப்புறம் திருத்தம். கணினியில் மாதிரி மோதல்களை உருவாக்கி, கருவி எத்தனையைத் தவறவிடுகிறது என்று பார்த்து எண்ணிக்கையைச் சரிசெய்வார்கள். 2015இல் 13 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள மோதல்களில், செர்னின் ஆய்வுக் குழுக்களில் ஒன்றான ஆலிஸ் இப்படித்தான் அளந்தது: புரோட்டான் கற்றைக்குக் குறுக்கான நடுப்பகுதியில், கோண அளவின் (துகள் கற்றையிலிருந்து எவ்வளவு விலகிப் போகிறது என்று சொல்லும் அளவு) ஓர் அலகுக்கு, மோதல் ஒன்றுக்குச் சராசரியாக 5.3 மின்னூட்டத் துகள்கள்.