துடுப்பு தொலைந்தால் திரும்பக் கிடைக்க அதில் என்ன எழுதலாம்?

இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கயாக் (துடுப்பால் ஓட்டும் சிறு படகு) ஓட்டுகிறீர்கள், சில நேரம் கித்துல்கலவுக்கும் போகிறீர்கள் என்று சொல்கிறீர்கள். இரண்டு இடமும் ஒன்றல்ல. நீர்த்தேக்கத்தில் நழுவிய துடுப்பு காற்றடிக்கும் கரையில் ஒதுங்கும். தேயிலை மலைக்குப் போகும் யாராவது எடுத்து வைப்பார்கள். கித்துல்கலவில் ஓடும் களனி கங்கையில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கித்துல்கலவுக்குக் கீழே கண்டெடுப்பவர் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர். ஆகவே தொலைபேசி இலக்கத்தைப் பெரிதாக எழுதி, "கண்டெடுத்தால் அழைக்கவும்" என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். பெயர் மட்டும் எழுதிப் பயனில்லை.

சாதாரண மார்க்கர் பேனாவை நம்பாதீர்கள். என் முதல் துடுப்பில் எழுதிய இலக்கம் சில மாதங்களில் வெளிறி, 7 எது, 1 எது என்று எனக்கே தெரியாமல் போனது. துடுப்புத் தண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, காய்ந்தபின் பெயின்ட் மார்க்கரால் எழுதி, மேலே நிறமற்ற நகப்பூச்சு இரண்டு தடவை பூசுங்கள். கைபிடிக்கும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். அங்கே சீக்கிரம் தேய்ந்துவிடும்.

தலைக்கவசத்தில் பெயின்ட் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளை அது பலவீனமாக்கும், ஒட்டுத்தாள் போதும். உயிர்காப்பு அங்கியில் உட்பக்கத் துணியில் எழுதலாம்.

கயாக்கின் உள்ளே உங்கள் இலக்கத்தோடு வீட்டார் ஒருவரின் இலக்கமும் இருக்கட்டும். ஆளில்லாத படகைக் கண்டவர் முதலில் தேடுவது ஆளைத்தான். நீங்கள் கரையேறிவிட்டால், படகு போனாலும் பரவாயில்லை, உங்களை வீணாகத் தேடாமலிருக்க அருகிலுள்ள பொலிஸுக்குச் சொல்லிவிடுங்கள்.