பட்டன் அழுத்தினால் கால் போகிறது, விளக்கு ஏன் எரியவில்லை?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஃப்ரீபிபிஎக்ஸ் (அலுவலக போன்களை இணைக்கும் மென்பொருள்) எக்ஸ்சேஞ்ச், 12 யீலிங்க் டி46எஸ் போன்கள். ரிசப்ஷன் போனில் எல்லா எக்ஸ்டென்ஷனையும் ஸ்பீடு டயலாகப் போட்டிருக்கிறோம். கால் போகிறது. ஆனால் யார் பேசிக்கொண்டிருக்கிறார் என்று விளக்கு காட்டுவதில்லை.

பதில்: ஸ்பீடு டயல் எண்ணை டயல் செய்வதோடு சரி. மறுமுனை நிலவரத்தை எக்ஸ்சேஞ்சிடம் கேட்டுக்கொண்டே இருப்பது பி.எல்.எஃப். (பிஸி லேம்ப் ஃபீல்டு) வகைப் பட்டன். போனில் ஓகே பட்டனை அழுத்தினால் ஐ.பி. முகவரி தெரியும். அதை பிரவுசரில் அடித்து, அட்மினாக நுழைந்து, டிஎஸ்எஸ் கீ (நாமே வேலை ஒதுக்கும் பட்டன்கள்) பகுதியில் லைன் கீ பக்கத்தைத் திறங்கள். முதல் கீயை லைனாகவே விட்டுவிடுங்கள். அடுத்ததில் டைப்: பி.எல்.எஃப்., வேல்யூ: 102, லேபிள்: அக்கவுண்ட்ஸ், லைன்: லைன் 1, எக்ஸ்டென்ஷன் கட்டத்தில் ஸ்டார் ஸ்டார் 102 (இரண்டு நட்சத்திரக் குறி, பிறகு 102).

இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் பலர் காலியாக விடுகிறார்கள். 102-இல் மணி அடிக்கும்போது ரிசப்ஷனிலிருந்தே அந்தக் காலை எடுக்க இந்த ஸ்டார் ஸ்டார் வேண்டும்.

சேமித்ததும் பச்சை எரிந்தால் அந்த போன் சும்மா இருக்கிறது. சிவப்பு நிலையாக நின்றால் பேச்சில் இருக்கிறார், வேகமாகச் சிமிட்டினால் மணி அடிக்கிறது. விளக்கே எரியவில்லை என்றால் போன் கேட்ட கேள்விக்கு எக்ஸ்சேஞ்ச் பதில் தரவில்லை. ஃப்ரீபிபிஎக்ஸின் அடியில் ஓடும் ஆஸ்டரிஸ்க் கன்சோலில் ‘கோர் ஷோ ஹின்ட்ஸ்’ கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, 102-க்கு எதிரே வாட்சர்ஸ் (அந்த எண்ணின் நிலவரத்தைக் கேட்கும் போன்கள்) எண்ணிக்கையைப் பாருங்கள். 102 பட்டியலிலேயே இல்லையென்றால் குறை எக்ஸ்சேஞ்சில். இருந்தும் வாட்சர்ஸ் 0 என்றால் போனில் வேல்யூவோ லைனோ தப்பு.

கிளை அலுவலகத்தில் மட்டும் விளக்கு ஒரே நிலையில் சிக்கிக்கொள்கிறது என்றால் பெரும்பாலும் ரவுட்டரைச் சந்தேகிக்கலாம். சற்று நேரம் போக்குவரத்து இல்லாவிட்டால் போனுக்குச் செய்தி வரும் யுடிபி வழியை அது மூடிவிடும், நிலை மாற்றச் செய்தி போனுக்கு வந்து சேராது. அக்கவுண்ட் அமைப்பில் கீப்-அலைவ் (வழி மூடாதபடி அவ்வப்போது சிறு செய்தி அனுப்புவது) போடுங்கள், அல்லது டிரான்ஸ்போர்ட்டை (செய்தி அனுப்பும் முறையை) யுடிபியிலிருந்து டிசிபிக்கு மாற்றுங்கள். எக்ஸ்சேஞ்சிலும் டிசிபி திறந்திருக்க வேண்டும்.

12 பேருக்கும் ஒரே திரையில் இடம் இருக்காது. அடிக்கடி தேடப்படுகிறவர்களை முதல் பக்கத்தில் வையுங்கள். ரிசப்ஷனுக்கு எக்ஸ்பி40 துணைப் பலகை வாங்குவதே நல்லது. 20 பட்டன், இரண்டு பக்கமாக 40 எண்கள். பக்கம் புரட்டிக்கொண்டு கால் மாற்றுவது பெரிய அவஸ்தை.

கேள்வி: பிரவுசரில் மாற்றிய பட்டன்கள் ரீபூட் ஆனதும் பழையபடி ஆகிவிடுகின்றன.

பதில்: போன் எழும்போது சர்வரிலிருந்து தன் மேக் முகவரி (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெயரிலுள்ள அமைப்புக் கோப்பை எடுத்துக்கொள்கிறது. அதில் உள்ளதே ஜெயிக்கும். எண்ட்பாயிண்ட் மேனேஜரிலோ (ஃப்ரீபிபிஎக்ஸில் போன் அமைப்புகளைக் கவனிக்கும் பகுதி) அந்தக் கோப்பிலோ மாற்றுங்கள்.

கேள்வி: கால் பார்க்கிங்கிற்கு (காலை ஒரு பொது எண்ணில் நிறுத்திவைத்து வேறு போனில் எடுப்பது) பட்டன் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஃப்ரீபிபிஎக்ஸில் வழக்கமாக 70 பார்க் செய்யும் எண், 71 முதல் 78 வரை இடங்கள். 70-க்கு ஒரு ஸ்பீடு டயல், 71, 72, 73-க்கு பி.எல்.எஃப். போதும். இவற்றில் எக்ஸ்டென்ஷன் கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஸ்டார் ஸ்டார் வேண்டாம். போனின் டிரான்ஸ்ஃபர் அமைப்பில் ‘டிஎஸ்எஸ் கீ வழி மாற்றம்’ என்ன வகையில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். நியூ கால் என்றிருந்தால் வாடிக்கையாளர் ஹோல்டில் கிடப்பார், பார்க் ஆகமாட்டார். பிளைண்ட் என்றால் ஒரே அழுத்தில் பார்க் ஆகும், ஆனால் இட எண் காதில் விழாது. எந்த விளக்கு சிவந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அட்டெண்டட் என்றால் எண்ணைக் கேட்டுவிட்டு டிரான்ஸ்ஃபரை மறுபடி அழுத்த வேண்டும். கூட்டம் அதிகமுள்ள இடத்துக்கு பிளைண்டையே சொல்வோம்.

கேள்வி: பழைய பானாசோனிக் டிஇஎஸ்824 எக்ஸ்சேஞ்ச். கேஎக்ஸ்-டி7730 போனை வேறு அறைக்கு மாற்றினோம். பேச முடிகிறது, பட்டன் விளக்கும் திரையும் வேலை செய்யவில்லை. மறுபடி புரோகிராம் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம், முதலில் வயரைப் பாருங்கள். இந்த போனுக்கு 4 வயர். நடு இரண்டும் குரலுக்கு, ஓரத்து இரண்டும் பட்டன், விளக்கு, திரைக்கான டேட்டாவுக்கு. சாதாரண போன் இருந்த அறையில் இரண்டு வயர்தான் இழுத்திருப்பார்கள். இரண்டாவது ஜோடியை ரோசெட்டிலிருந்து (போன் செருகும் சுவர்ப் பெட்டி) எக்ஸ்சேஞ்ச் வரை, அதே எக்ஸ்டென்ஷன் போர்ட்டில் இணையுங்கள்.